மஞ்சள் போல்டருக்குப் படம்

மாமா,

ஆனைக்குட்டத்துல ஒரு விசேஷத்துக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துருவேன். சோறும் கத்திரிக்கா குழம்பும் அடுப்படியில இருக்கு, சூடு ஆறுமுன்ன சாப்பிட்டுருங்க.

பழைய கம்ப்யூட்டர்ல எல்லா போல்டரும் ஒரே மஞ்சளா இருக்கப்போய்த்தான் என் பட்டாசு லேபிள் டிசைனை அழிச்சிட்டீக. ‘இனிமே தொடாதீக’ன்னு நான் கத்தினதுல இருந்து நீங்க அந்தப் பக்கமே போகல. அதனால ஒவ்வொண்ணுக்கும் கட்டம் கட்டமா படம் வரைஞ்சு வச்சிருக்கேன். சங்குசக்கரம் என் வேலை. ரேடியோ உங்க பாட்டு. பொக்கைவாய் உங்க பேத்தி போட்டோ.

தப்பா அமுக்கினாலும் பரவாயில்ல, லேபிள் எல்லாத்தையும் பென்டிரைவ்லயும் ஏத்திட்டேன்.

அனுப்பிரியா

மீசை வச்ச போல்டர் காலியாத்தான் இருக்கு, அது உங்களுக்கு. மீசைக்கு முறுக்கு சரியா வரல. கம்ப்யூட்டர்ல படம் வரையுற பெயிண்டைத் திறந்தே வச்சிருக்கேன், நீங்களே திருத்திருங்க.