லீலாக்காவின் மிக்ஸியைச் சரியாக்கியது யார்?

அப்பா,

மேசைமேல் லீலாக்காவின் மிக்ஸி இருக்கிறது. மோட்டார் காயில் கருகிய வாடை வீடு முழுக்க. அம்மா ஜன்னலையெல்லாம் திறந்து வைத்துவிட்டு, "அத வெளிய கொண்டு வையேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். எனக்கோ வெளியே வைக்க மனமில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் முதலில் நீங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தீர்கள்.

இன்று ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு லீலாக்கா அதைக் கொண்டுவந்து வைத்தார். அடுத்த வீடு, உரிமைக்குக் கேட்கவா வேண்டும். "மக்கா, தேங்கா அரச்சிட்டு இருக்கும்போ பொகஞ்சு நின்னுபோச்சு. ஒனக்கு ரெண்டு நிமிச சோலிதானே?" என்றார். போகிற போக்கில் படியில் நின்று, குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். "நம்ம ஷைனி திருவனந்தபுரத்துல ஏதோ கம்பெனிக்குப் போறாளே, ராத்திரி பத்து மணிக்கு வேன்ல வந்து எறங்குதா. என்ன சோலியோ, ஏதோ. அவ அம்மைக்கு பிள்ளைய வேலைய விட்டு நிறுத்திரலாம்னு ஒரு எண்ணம்."

ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டு ஷைனிதான். நீங்கள் எங்களை விட்டுப் போகும்போது இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் முதல் மழைக்காலம்கூடத் தாண்டவில்லை.

மிக்ஸி விஷயத்துக்கு வருகிறேன். நான் என் வாழ்நாளில் ஒரு மிக்ஸியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. இந்த உண்மை எனக்கும் உங்களுக்கும் குழித்துறை வின்சென்ட் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

2005-இல் எனக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தபோது, அருமனையில் நம் பலசரக்குக் கடைக்கு வந்த ஒருவரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. பருப்பை நிறுத்துக்கொண்டே, "எம் மக இப்பம் சாப்ட்வேர்" என்பீர்கள். வேலை என்றுகூடச் சொல்லமாட்டீர்கள். நான் சாப்ட்வேராகவே மாறிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்களோ என்னவோ, அடுத்த வாரத்திலிருந்து சாமான்கள் வரத் தொடங்கின. சுற்றாத கிரைண்டர், வளைகுடாவிலிருந்து வந்த டேப் ரெக்கார்டர், எரியாத எமர்ஜென்சி லைட், கடைசியில் கோயில் ஆம்ப்ளிபயர். தெரியாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "கம்ப்யூட்டர் தெரிஞ்சவளுக்கு டிவி தெரியாதா?" என்று என்னையே மடக்குவார்கள்.

உங்களுக்காவது புரியவைக்கலாம் என்று ஒருநாள் கடையில் உட்கார்ந்து விளக்கினேன். நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய சாப்ட்வேரில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வேன். அவ்வளவுதான்.

"கண்டுபிடிச்சுட்டு சரியாக்குவ?"

"அது வேற ஆளு செய்வாங்கப்பா."

நீங்கள் பருப்புப் பொட்டலத்துக்கு நூல் சுற்றினீர்கள். "அப்பம் குத்தம் மட்டும் சொல்லுதுக்கா இவ்வளவு பெரிய கட்டடம்? நம்ம தெருவுல பாதிப்பேரு அத சும்மாவே செய்யுதாவளே." வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, ஆனாலும் சிரித்துவிட்டேன்.

ஆபீசிலும் இதே கதைதான் என்று சொல்லியிருக்கிறேன். நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் வைரஸ் வரும் என்று செருப்பை வாசலில் கழற்றச் சொல்வார்கள். எங்கள் டீம் லீடர் கதிர்வீச்சை உறிஞ்சும் என்று மானிட்டர் பக்கத்தில் ஒரு சின்னக் கள்ளிச்செடி வைத்திருந்தார். புது வெர்ஷன் வெளியாகும் நாளில் யாராவது "எல்லாம் நல்லாப் போகுது" என்று வாய்விட்டால் போதும், அத்தனை பேரும் முறைப்பார்கள். உங்களுக்கு இதெல்லாம் கேட்கக் கேட்கத் தீராது. "செருப்புக்கும் வைரசுக்கும் என்ன பந்தம் மக்களே? யாரும் கேக்கலியா?" என்பீர்கள். கேட்கத்தான் செய்தோம் அப்பா. பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்த வினோதம் ஆரம்பித்தது. நான் முடியாது என்று திருப்பிக் கொடுத்த சாமான்கள் ஓடத் தொடங்கின. பஸ்சில் ஒருத்தி என் கையைப் பிடித்து, "நீ சரியாக்கின கிரைண்டர் இப்பம் பூ மாதிரி ஓடுது" என்றாள். கோயிலில் ஆம்ப்ளிபயருக்காக எனக்கு நன்றி அறிவித்தார்கள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். ஒரு பிழை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தே தீரும். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அந்தக் காரணத்தைத் தேடுவது.

தங்கப்பன் மாமா எமர்ஜென்சி லைட்டைக் கொண்டுவந்தபோது, அதன் அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன். பிறகு, தெரியாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். சில நாளில் அது எரிந்தது. மாமா வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்த்தேன். புள்ளி அப்படியே இருந்தது. அப்படியானால் யாரும் புதிது வாங்கி மாற்றிவைக்கவில்லை, அதே லைட்தான். முகர்ந்தும் பார்த்தேன். கொத்தமல்லி வாசம் அடித்தது.

அருமனையில் மல்லி மூட்டையோடு புழங்குகிறவர் யார் என்று கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை, நீங்கள் சரக்கு எடுக்கக் குழித்துறைச் சந்தைக்குப் போகும் நாளில், மத்தியானமே ஆபீசிலிருந்து கிளம்பி வந்து நின்றேன். தோளில் மல்லிச் சாக்குடன் வந்தீர்கள். மளிகை மண்டி இருக்கும் பக்கம் போகாமல், ஆற்றுப்பாலத்துக்குப் போகும் வழியில் வின்சென்ட் அண்ணனின் ரிப்பேர் கடைக்குள் நுழைந்தீர்கள். சாக்கிலிருந்து ஒரு டேபிள் ஃபேன் வெளியே வந்தது.

என்னைப் பார்த்ததும் உங்கள் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. "வா மக்களே. சாயா குடிக்கியா?" என்றீர்கள்.

வின்சென்ட் அண்ணன்தான் பாவம், ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உங்களைப் பிடிபிடி என்று பிடித்தேன். நான் திருப்பிக் கொடுத்ததையெல்லாம் வாங்கிவந்து சரியாக்கி, என் பெயரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள். நான் செய்யாத வேலைக்கு எனக்கு எதற்குப் பெயர்? நாளைக்கே எல்லாரிடமும் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லண்டாம் மக்களே."

"ஏன்?"

"சும்மா."

அந்தச் 'சும்மா'வுக்குமேல் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. குரலில் என்னமோ இருந்தது, அதனால் நானும் விட்டுவிட்டேன். பெருமைக்காகச் செய்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பிழை எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன், காரணம் மட்டும் கையில் சிக்கவில்லை.

அதைச் சொன்னது லீலாக்கா. நீங்கள் போய்ச் சில மாதம் கழித்து, நம் அடுக்களையில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டே, ஊர்க்கதை சொல்வதுபோலச் சொன்னார்.

"நீ வேலைக்குப் போன புதுசுல இந்தத் தெரு என்னெல்லாம் பேசிச்சு தெரியுமா? ராத்திரி பத்து மணிக்கு வேன்ல வந்து எறங்குத பிள்ள, என்ன சோலியோ, எவன் கூடயோன்னு. நானும் பேசினேன் கேட்டியா, பொய் சொல்லமாட்டேன். ஒங்க சித்தப்பாவே பிள்ளைய நிறுத்துன்னு கடையில வச்சு சண்ட போட்டாரு. ஒங்கப்பா தராச வச்சிட்டு எறங்கினாரு. நேரா எங்க வீட்டுக்கு வந்து, 'மிக்ஸி கெட்டுப் போச்சுன்னியே, தா, எம் மக ஆபீஸ்ல இந்த சோலிதான் படிக்கா, அதான் நேரமாவுது'ன்னு வாங்கிட்டுப் போனாரு. வாரம் முடியல, மிக்ஸி ஓடுது! பின்ன எவ வாயத் தெறப்பா? நாளைக்கு டிவி கெட்டா ஒங்கிட்டதானே வரணும்?"

பலாக்கொட்டைத் தோல் விரலில் ஒட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். தெரு பேசியதில் ஒரு சொல்கூட என் காதுக்கு வந்ததில்லை. டிபன் பாக்ஸும் வேன் நேரமும் தவிர வேறு கவலையில்லாமல் போய்வந்திருக்கிறேன். அன்று ஏன் என்று கேட்டபோது நீங்கள் பதில் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சையும் சேர்த்தல்லவா எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். லீலாக்கா போனபின் அழுதேன் அப்பா. அப்புறம் ஒரே கேள்விகள். தராசுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் உங்களிடம் என்னென்ன கேட்டிருப்பார்கள்? அத்தனையும் கேட்டுவிட்டு எப்படிப் பருப்பைச் சரியாக நிறுத்தீர்கள்? சாமான்கள் என்னிடம் தானாக வந்தனவா, இல்லை நீங்களே வீடு வீடாகப் போய், "எதாவது கெட்டுக் கெடக்கா?" என்று விசாரித்தீர்களா?

இவ்வளவும் ஞாயிற்றுக்கிழமை எழுதியது. அதோடு மடலை மடித்து வைத்துவிட்டேன். இன்று வெள்ளி. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை, இப்போது நம் கடையைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவிடம் ஒரு காலி மல்லிச் சாக்கு வாங்கினேன். எதற்கு என்றார். சாக்கை மடித்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மிக்ஸியை அதில் போட்டு, ஆபீஸ் ரயிலுக்குப் போகும் வழியில் வின்சென்ட் அண்ணன் கடையில் இறங்கினேன். அவருக்கு முடி நரைத்துவிட்டது. சாக்கைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஒங்கப்பா வாறாருன்னுல்லா நெனச்சேன்" என்றார். பிறகு சாக்கை வாங்கி, மிக்ஸியை வெளியே எடுத்தார்.

நேற்று மிக்ஸியை லீலாக்காவிடம் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நீ இருக்கப்பட்ட வரைக்கும் எனக்கு என்ன கவல" என்று என் கன்னத்தைத் தடவினார்.

"நான் இல்லக்கா" என்றேன். "எனக்கு இது பிடிபடல. ஷைனிதான் சரியாக்கினா. அவ ஆபீஸ்ல இந்த சோலிதான் படிக்கா. அதான் நேரமாவுது."

லீலாக்கா மிக்ஸியைப் பார்த்தார். பிறகு ரப்பர் தோட்டத்துப் பக்கம் பார்த்தார். "அந்தப் பிள்ளையா!" என்றார்.

இன்று காலை ஷைனி கம்பெனி வேனுக்குப் போகும் அவசரத்தில் நம் வாசலில் வந்து நின்றாள். முகத்தில் கோபம் பாதி, குழப்பம் பாதி.

"அக்கா, லீலா அத்த அவங்க டிவியக் கொண்டுவந்து எங்க வீட்டுல எறக்கிட்டுப் போயிருக்காவ. எனக்கு டிவியப் பத்தி என்ன தெரியும்? நான் கோடிங் எழுதுத பிள்ள. அம்ம வேற எல்லார்ட்டயும் பெருமையா சொல்லிட்டு நடக்கா. எதுக்குக்கா அப்படிச் சொன்னிய?"

"சும்மா" என்றேன். "டிவிய ராத்திரி இங்க கொண்டு வச்சிரு."