பலாப்பழ வகுப்பு

திருப்புலி நாடு
5.8.2002

கண்ணு தாமரைச்செல்வி,

அம்மாயி எழுதறேன். நானும் ஆடுகளும் சௌக்கியம். ஆடி நோம்பிக்கு நீ வராதது எனக்குக் குறைதான், அதை விடு. உன்னிடம் படிக்கிற அர்த்தனாரி மகள் கோகிலா வந்திருந்தாள். "செல்வி மிஸ் பாடமே நடத்தறதில்லீங்க, ஒரே விளையாட்டுதானுங்க" என்று பஸ் நிற்கிற இடத்தில் சொல்லிச் சிரிக்கிறாள். என் பேத்தி காலேஜில் கம்ப்யூட்டர் சொல்லித்தருகிறாள் என்று பெருமை பேசிவைத்திருக்கேன். நான் படிச்சது அஞ்சாங்கிளாஸ்தான். வகுப்பில் விளையாடினால் அப்போ பிரம்படி. சம்பளம் வாங்கிக்கிட்டு இது என்ன விளையாட்டு சாமி?

உன் அம்மாயி
பாவாயி

சேலம்
10.8.2002

என் செல்ல அம்மாயிக்கு,

கோகிலா சொன்னது நிஜம்தானுங்க. ஒருத்தர் கம்ப்யூட்டராக நிற்பார். மற்றவர்கள் அவரை வேலை வாங்கணும். சொன்னதை மட்டும்தான் செய்வார். நேரே நடக்கச் சொல்லி, நிற்கச் சொல்லாவிட்டால் சுவரில் முட்டுவார். தப்பு எங்கே என்று சிரிச்சுக்கிட்டே கண்டுபிடிப்பாங்க. இதையே போர்டில் எழுதிப்போட்டால் தூங்கிடறாங்க.

பிரின்சிபாலுக்குத்தான் பிடிக்கலை. "இது காலேஜா, பால்வாடியா?" என்றார். வெள்ளிக்கிழமை வகுப்பில் வந்து உட்காரப்போகிறார். அவருக்குச் சரிப்படாவிட்டால் என் வேலை போயிடும்.

செல்வி

திருப்புலி நாடு
17.8.2002

கண்ணு,

நேத்து உன் காலேஜுக்குச் சொல்லாமல் வந்தேன், சொல்லாமல் போயிட்டேன். கோவிச்சுக்காதே. அந்த ஐயாவுக்குப் பழம் வெட்டிக்கொடுத்து உனக்காக ரெண்டு வார்த்தை பேசலாம் என்றுதான் மரத்தில் இருந்த கடைசிப் பலாப்பழம், கத்தி, எண்ணெய் எல்லாம் சுமந்து வந்தேன். நீ என்னடா என்றால், "இன்னிக்கு நீங்கதான் கம்ப்யூட்டர்" என்று என்னை மேசை முன்னால் நிறுத்திட்டே.

கோகிலா, "பழத்தை வெட்டுங்க, சுளையை எடுங்க, வாயில் போடுங்க" என்கிறாள். எண்ணெய் தடவச் சொல்லவே இல்லை! பிசின் ஒட்டுமே என்று நானே தடவிக்கிட்டேன். கொட்டையையும் நீக்கினேன். பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது நான் மட்டும் எப்படித் தின்பேன்? ஆளுக்கொரு சுளை கொடுத்தேன். "சொல்லாததைச் செய்யாதீங்க அம்மாயி!" என்று நீ கத்தினாய். ஐயா விறைப்பாக எழுந்தார். வகுப்பைக் கெடுத்துட்டோம் என்று பயந்து நழுவிட்டேன். என்னால் உன் வேலை போச்சா? உடனே எழுது.

பாவாயி

சேலம்
20.8.2002

அம்மாயி,

நீங்க போன பிறகுதான் கூத்து. பிரின்சிபால் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு, "அந்தம்மா இரக்கப்படறாங்க, கம்ப்யூட்டர் இரக்கப்படாது. நான் நிற்கிறேன்" என்றார். கோகிலா உங்களுக்குச் சொன்னதையே சொன்னாள். முழங்கை வரைக்கும் பிசின். சுளையைக் கொட்டையோடு வாயில் போட்டுக்கிட்டு அப்படியே நின்றார். துப்பச் சொல்ல யாருக்கும் தோணலை! வகுப்பே உருண்டு சிரிச்சுது. பிறகு பிள்ளைகள் ஒவ்வொரு தப்பாகத் திருத்தித் திருத்தி, அவரைச் சரியாகச் சாப்பிட வெச்சுட்டாங்க. மணி அடிச்சும் ஒருத்தரும் எழுந்திருக்கலை.

"இப்படியே நடத்துங்க" என்றார். வேலைக்கு இனி பயமில்லை. ஒரே ஒரு நிபந்தனை: அம்மாயியை இனிமேல் கம்ப்யூட்டராக நிறுத்தக் கூடாதாம்.

செல்வி

திருப்புலி நாடு
24.8.2002

என் சாமிக்கு,

கடிதத்தைக் கண்ணில் ஒத்திக்கிட்டேன். ஆனால் அந்த ஐயா பேச்சு எனக்கு ஒப்பவில்லை. பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விட்டுத் தான் மட்டும் தின்கிறதுதான் கம்ப்யூட்டர் என்றால், அந்த வேலை எனக்கு எதுக்கு? அவர் என்னை நீக்கவில்லை, நானாகத்தான் விலகிக்கிட்டேன் என்று வகுப்பில் சொல்லிடு.

பாவாயி