நிலாவின் முதுகில் ஒரு ஜிப்

ஜூன் 4, புதன்

இன்றைக்கும் நிலாதான்.

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் சூரியக் குடும்பம் காட்டுவது எங்கள் பிழைப்பு. மூலையில் பெரிய விளக்கு, அது சூரியன். கயிற்றில் தொங்கும் பந்துகள் மற்றக் கோள்கள். நடுவில் நீல அங்கியும் மைக்குமாக நிற்கிற பூமி, என் வீட்டுக்காரர். அவரைச் சுற்றி வருகிற பஞ்சு மூட்டை நான். கை மட்டும் வெளியே. முகத்துக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலை. அதில் தெரிவது அவர் மூஞ்சி. கல்யாணத்தன்றுகூட அதை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஜிப் முதுகில் இருக்கிறது. எனக்கு எட்டாது. அவர்தான் வந்து அவிழ்க்க வேண்டும். இன்று காட்சி முடிந்ததும் ஹெட்மாஸ்டரோடு டீ குடித்துக்கொண்டு அரட்டை. நான் சுவரோரம் நின்று வெந்துகொண்டிருந்தேன். ஒரு வாண்டு வந்து என்னைத் தட்டிப் பார்த்தது. "உள்ள ஆள் இருக்கா?"

இருக்கேன்டா. இருக்கேன்.

ஜூன் 9, திங்கள்

"நிலாவுக்குச் சொந்தமா வெளிச்சம் கிடையாது, பிள்ளைங்களா!" என்று என் மண்டையில் ஒரு தட்டு. ஒவ்வொரு காட்சியிலும். வசனம் நான் எழுதியது. தட்டு அவர் சேர்த்தது.

ஜூன் 11, புதன்

இன்று போன பள்ளியின் பெரிய டீச்சர் தனியாகக் கூப்பிட்டார். "மூணாம் கிளாஸுக்கு ஆள் இல்லம்மா. நீங்க முன்னாடி பாடம் எடுத்தவங்கதானே? திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

வேனில் ஏறியதும் சொன்னேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று:

"நீ போயிட்டா நிலா யாரு?"

அவ்வளவுதானா? அவ்வளவுதானா நான்?

ஜூன் 12, வியாழன்

வேலை எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். அப்புறம் ஏன் போனை எடுக்க மாட்டேன் என்கிறேன்? இவர் தலையாட்டணுமாக்கும் — ஆட்டினாத்தான் எனக்குக் கை வருமாக்கும். எரிச்சல் அவர் மேலயா, என் மேலயா? தெரியலை. இன்றைக்கு ரெண்டு பேர் மேலயும்.

ஜூன் 13, வெள்ளி

முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி எழுந்தாள். "சார், நிலா தன்னைத்தானே சுத்துமா?"

"சுத்தாது கண்ணு. சுத்தினா நமக்கு அதோட முதுகு தெரிஞ்சிருக்குமே! அதான் எப்பவும் ஒரே மூஞ்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுதிக் கொடுத்ததில் இது சரியாகத்தான் இருந்தது: பூமியை ஒரு சுற்று வருவதற்குள் நிலா தானும் ஒரு சுற்று சுழன்றுவிடும், அதனால்தான் ஒரே பக்கம் தெரிகிறது. பிள்ளைகளுக்குப் புரியாது என்று அவர் வெட்டிவிட்டார். எனக்கா புரியாது? தினமும் அவர் தலைக்குப் பின்னால் போர்டு போகிறது, ஜன்னல் வருகிறது, அப்புறம் கதவு, பீரோ. நான் திரும்பாமலா நாலு சுவரையும் பார்க்கிறேன்?

அவள் விடவில்லை. "எனக்கு முதுகு தெரிஞ்சுது சார். கிட்ட வந்தப்ப ஜிப் இருந்துச்சு. அந்தப் பக்கம் போனப்ப மூஞ்சி இருந்துச்சு."

வகுப்பே சிரித்தது. இவர், "நேரமாச்சு நேரமாச்சு" என்று வியாழன் கோளுக்குத் தாவிவிட்டார். நான் உள்ளேயிருந்து கத்தினேன், "சுத்தும்!" பஞ்சுக்குள் அது வெறும் முனகலாகத்தான் வெளியே போயிருக்கும்.

"ஐயோ, நிலா அழுது!"

ஆமாம். அழுதேன்.

ஜூன் 14, சனி

ஜிப்பின் நுனியில் ஒரு நீளமான நாடாவைக் கட்டினேன். மூட்டைக்குள் புகுந்து, பக்கத்து வீட்டு அக்காவை ஜிப் போடச் சொன்னேன். கையைப் பின்னால் விட்டு நாடாவைக் கீழே இழுத்தேன். சர்ரென்று திறந்துகொண்டது. இத்தனை நாளா இது ஏன்டி உனக்குத் தோணலை?

அக்கா கேட்டாள், "இதுக்கா இப்படிச் சிரிக்கிறே?"

ஜூன் 16, திங்கள்

"நிலாவுக்குச் சொந்தமா வெளிச்சம் கிடையாது" — தட்டு.

இழுத்தேன்.

தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, வேர்வையில் தொப்பலாக, அத்தனை பிள்ளைகள் முன்னாலும் வெளியே வந்து நின்றேன். மைக்குக்குக் கை நீட்டினேன். கொடுத்துவிட்டார். பயந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். "இவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே இவரைச் சுத்தி வா. தலைக்குப் பின்னாடி என்ன தெரியுதோ அதைக் கத்திச் சொல்லு."

"போர்டு! ஜன்னல்! மேப்பு! கதவு! திரும்பவும் போர்டு!"

"அப்போ நீ திரும்பினியா, இல்லையா?"

"திரும்பினேன் டீச்சர்!"

டீச்சர் என்று கூப்பிட அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். நாம பார்க்காத பக்கம் எப்பவும் இருட்டுன்னு நினைச்சுக்காதீங்க, அங்கேயும் வெயில் அடிக்கும்.

வேனில் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தே பெரிய டீச்சருக்குப் போன் போட்டேன். "வர்றேன்மா" என்றேன். அவர் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பின்சீட்டிலிருந்து துண்டை எடுத்து நீட்டினார்.

"தலையைத் துடை. சளி பிடிச்சுக்கும்."

ஜூலை 18, வெள்ளி

என் மூன்றாம் வகுப்பில் இன்று சூரியக் குடும்பம். நிலாவுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். அதனால் அவரே நிலா. ஜிப்பை நான்தான் போட்டுவிட்டேன். பூமி நான். மைக் தேவைப்படவில்லை. தொப்பை இடிக்க இடிக்க, புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார். நான் மண்டையில் தட்டவில்லை. கை துறுதுறுத்தது உண்மை.

மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். பெரிய டீச்சர் டீ கொண்டுவந்தார். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஏய்... யாராச்சும் இருக்கீங்களா? மூச்சு முட்டுது."

டீயைக் குடித்து முடித்தேன். கொஞ்சம் மெதுவாகவே குடித்தேன். பிறகு அவர் கிட்டே போய் வலைக்கு நேரே குனிந்து சொன்னேன்:

"கையைப் பின்னாடி விடுங்க. நாடா இருக்கும். இழுங்க."