மூன்று நாளில் பூட்டிக்கொண்ட யோசனை

வசந்திக் கண்ணு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. குன்னூரில் மழை விட்டுப் பனிக்காலம் தொடங்கிவிட்டது. உன் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உனக்குச் சொல்ல நல்ல செய்தி எதுவும் என்னிடம் இல்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நீ செய்த வேலையை உன் கடைசி நாள்வரை நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. எஸ்டேட் ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவியதும் அந்த இணைய விளையாட்டின் மன்றத்தைத் திறந்துவிடுவாய். மலையில் தோட்டம் போட்டு வளர்க்கும் ஆட்டம். அதை ஆடுகிறவர்கள் 'இதை இப்படி மாற்றுங்கள்' என்று எழுதும் யோசனைகளைப் படித்து ஒழுங்குபடுத்துவது உன் பொறுப்பு. சம்பளம் கிடையாது. "நான் நிருபராச் சேர்ந்தப்ப எனக்கும் இதேதான்" என்று கேலி செய்வேன்.

அங்கே ஒரு விதி இருந்தது. ஒரு யோசனைக்கு முப்பது நாள் யாரும் பதில் எழுதாவிட்டால் அது தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டியதைக் கம்பெனி எட்டிப் பார்க்காது. அதனால் யாரும் சீண்டாத யோசனைகளாகத் தேடிப்போய், கெடு முடிவதற்குள் 'படித்தேன்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு வருவாய். மறுபடி முப்பது நாள் உயிர்.

"படிச்சேன்னு மட்டும் எழுதறியே, அவன் சொல்றது நெசமா பொய்யான்னு பாக்க வேண்டாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது கம்பெனிக்காரங்க வேலைங்ணா. கதவு சாத்திக்காம பாத்துக்கறதுதான் என் வேலை. உங்க பேப்பர் மாதிரி எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் எழுதுவேன்னா, பாதி செத்தே போயிரும்."

சொல்லிவிட்டு நீ சிரித்தாய். நானும் சிரித்தேன்.

நீ போன பிறகு அந்தப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். உன் நாற்காலியில் உட்கார வேறு காரணம் கிடைக்கவில்லை. முதல் மாதத்திலேயே பூட்டுகள் விழத் தொடங்கின. ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் நான்கு போய்விடும். 'அக்கா எங்கே?' என்று இன்னமும் கேட்டு எழுதுகிறார்கள். பதில் எழுத உட்காருவேன்; எழுதாமல் எழுந்துவிடுவேன்.

சோலூர் ரங்கசாமியை உனக்கு நினைவிருக்கும். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு கேரட் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கைபேசியில் தோட்டம் போடுகிறவர். அவருக்கு இப்போது இருக்கும் ஒரே தோட்டம் அதுதான். ஆட்டத்தில் உறைபனி சொல்லாமல் கொள்ளாமல் விழுந்து எல்லாவற்றையும் கருக்கிவிடுகிறது, முந்தின மாலையே ஓர் அடையாளம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆதரித்து நிறையப் பேர் குறியிட்டிருந்தார்கள். ஆனால் குறியிடுவது பதில் ஆகாது. பதில் என்று ஒருவரும் எழுதவில்லை. நான் பார்த்தபோது பூட்டிக்கொள்ள மூன்று நாள் இருந்தது.

'படித்தேன்' என்று அடிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? என் கை வரவில்லை. உறைபனிக்கு உண்மையிலேயே முதல் நாளே அடையாளம் உண்டா என்று தெரியாமல் எப்படி எழுதுவது? ஊட்டி போய், அங்கிருந்து பஸ் மாறி சோலூருக்குப் போனேன்.

"ஏனுங்க, ஆட்டத்துல உழுந்த பனியை விசாரிக்கவா இத்தன தூரம் வந்தீங்க?" என்று ரங்கசாமி சிரித்தார். "நெசமா பனி உழுந்து என் கேரட் போனப்பகூட ஒரு பத்திரிகைக்காரரும் வரலீங்களே!"

கைத்தடியை ஊன்றிக்கொண்டு நிலத்தின் வரப்புவரை கூட்டிப்போனார். "சாயங்காலம் வானம் தொடச்சு வெச்சாப்புல இருக்கும். காத்து அப்படியே நின்னு போகும். அப்பவே, விடியறப்ப தண்ணி தெளிச்சுப் பனியைக் கழுவ ஸ்பிரிங்ளரைத் தயார் பண்ணி வெச்சுக்கோணுங்க" என்றார். பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவரும் அதையே சொன்னார்கள். குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பினேன். உன் பொறுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை; பத்திரிகைக்காரனாக வந்தேன் என்றே நினைத்துக்கொண்டார்.

மறுநாள் உட்கார்ந்து அழகாக ஒரு பதில் எழுதினேன். எழுதியதை ஒரு நாள் ஆறப்போடுவது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். ஆறப்போட்டேன். அடுத்த நாள் காலை திறந்தால், பூட்டு.

கம்பெனிக்கு இரண்டு முறை எழுதினேன். பூட்டியதைத் திறப்பதில்லை என்று ஒரே பதில் இரண்டு முறை வந்தது. வரும் மாற்றங்களுக்குத் திறந்திருக்கும் யோசனைகளை மட்டுமே எடுத்துக்கொள்வார்களாம். அதன் பிறகு இந்தப் பகுதியையே மூடிவிடுவார்களாம். ரங்கசாமி புதிதாக எழுதி, மறுபடி அத்தனை பேர் ஆதரவைச் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அவரே போனில் கூப்பிட்டார். "கம்பெனிக்காரன் பூட்டிட்டான் போலிருக்குதுங்க. உடுங்க. வசந்தி அம்மா இருந்தவரைக்கும் படிச்சாங்க. இனி யாரு படிக்கறா? நானும் ஆட்டத்தை அழிச்சுப் போட்டேனுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமாங்க" என்றேன்.

என் பெயரில் தவறான செய்தி வந்தால் மறுநாளே திருத்தம் கொடுத்தவன் நான். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. இந்த ஒரு 'ஆமாங்க'வைத் திருத்தாமல் மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். யாரும் படிக்கவில்லை என்று நினைத்து அவர் ஆட்டத்தை விட்டார். பூட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவனே அதைப் படித்து, ஊர்வரை வந்து, வரப்பில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் கைவிட்டான் என்று தெரிந்தால் அது இன்னும் கொடுமை இல்லையா? சொல்வதில் யாருக்கு என்ன லாபம்? நீ இருந்தால் கேட்டிருப்பேன். நீ இருந்தால் கேட்க வேண்டியே வந்திருக்காது.

போனில் சொல்லமாட்டேன், கண்ணு. வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் சோலூர் போகிறேன். பூட்ட விட்டது கம்பெனி இல்லை, நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்வேன். இந்த முறை குறிப்பெடுக்க மாட்டேன்.

உனக்கு முன் பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற,
உன் அண்ணன்