நீங்கள் வந்து குழப்ப வேண்டிய இடம்

சண்டைக்காரத் தில்லை அண்ணைக்கு,

நேற்று லண்டன் வால்தம்ஸ்டோ மண்டபத்தில் உங்கள் நாடகத்தைத் திரும்பப் போட்டோம். அஞ்சலியாம். வாசலில் உங்கள் படம், மாலை, குத்துவிளக்கு. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் படத்தை மேடைக்குத் தூக்கிப் போய் அதோடும் வாக்குவாதப்பட்டிருப்பீர்கள்.

அந்த ரஷ்ய நாடகப் பைத்தியம் உங்களுக்கு எங்கே பிடித்ததோ! புரட்சி நடந்த கையோடு அங்கே சிலர் திரையைக் கழற்றி எறிந்தார்களாம். நடிகர்கள் சனத்துக்கு முன்னாலேயே உடுப்பு மாற்றினார்களாம். நெறியாளர் வேடத்தில் ஒருவர் ஏறி வந்து நாடகத்தைப் பாதியில் நிறுத்துவாராம். "இது நாடகம் எண்டதைச் சனம் மறக்கப்படாது, குகன்" என்பீர்கள், பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வந்த அதே சட்டையோடு. சோவியத் உடைந்த கிழமையும் ஒத்திகை வைத்தீர்கள்.

"அண்ணை, நாடே கலைஞ்சு போச்சு."

"நாடுதானே கலைஞ்சது? ரெண்டாம் காட்சிக்கு நில்லுங்கோ!"

நீங்கள் நெறியாளராக வந்து நாடகத்தை நிறுத்துவீர்கள். சனத்தோடு சனமாக இருக்கும் நான் எழும்பி உங்களோடு சண்டை பிடிக்க வேண்டும். நடிப்பு வராதவனுக்கு ஏற்ற வேடம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். முதல் தடவை நான் எழும்பியதும் செவன் கிங்ஸ் பக்கமிருந்து நாடகம் பார்க்க வந்து எனக்குப் பக்கத்திலிருந்த ஐயா ஒருவர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "தம்பி, இரும். பிடிக்காட்டி வெளியில போய்த் தேத்தண்ணி குடியும்." நீங்கள் சிரிப்பை மறைக்கக் குனிந்து சப்பாத்து நூல் கட்டினீர்கள்.

அந்த நெறியாளர் வசனங்களை நீங்கள் எழுதியதே இல்லை. வாயில் வந்ததைத்தான் சொன்னீர்கள். மாசிக் குளிரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்; இனி யார் சொல்வது? உங்கள் வேடத்துக்கு முயன்றவர்களில் ஒருவர் கோயில் அறிவித்தல் மாதிரிப் பேசினார். கடைசியில், அந்த இடத்தைத் தாண்டிப் போவோம் என்று முடிவெடுத்தோம்.

நேற்று அந்த இடம் வந்தது. ஒருவரும் தாண்டவில்லை. மேடையில் எல்லோரும் பழக்கத்தில் அப்படியே நின்று, நீங்கள் வரும் பக்கத்துக் கதவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், அண்ணை. சனமோ, இதுவும் உங்கள் வித்தை என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

முன்வரிசையில் புவனா அக்கா எழுந்தார். "உந்த விசர்க் கூத்துக்கு நான் வாறேல்லை" என்று, நீங்கள் உயிரோடு இருந்தவரைக்கும் உங்களைத் தனியே அனுப்பிய உங்கள் மனைவிதான்.

"கதவை என்னத்துக்குப் பாக்கிறியள்? அவர் வரமாட்டார். நடியுங்கோ."

மண்டபமே கைதட்டியது. "நல்லாச் செய்யிறா. ஆர் இந்த மனுசி?" என்று எனக்குப் பின்னால் ஒருவர் கேட்டார்.

கைதட்டலுக்கு நடுவில் அக்கா எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார். எழும்பிக் கத்த வேண்டியவன் நான்தானே? என் வேடமே அதுதானே? நான் கதிரையிலேயே இருந்துவிட்டேன். இது நாடகம் என்று சனத்துக்குச் சொல்ல எங்களைப் பழக்கினீர்கள். இது நாடகமில்லை என்று எப்படி அண்ணை சொல்வது?

இனி எப்போது போட்டாலும் அக்காவுக்குப் பக்கத்துக் கதிரையில் நான் இருப்பேன். அவர் எழும்பினால் நானும் எழும்புவேன். சொல்வதற்கு எனக்கு ஒன்றும் வராது. கைதட்டல் ஓயும் வரைக்கும் அவரோடு நிற்பேன்.

இப்போது சண்டை பிடிக்க ஆளில்லாத உங்கள் தம்பி,
குகன்