முதல் குழிக்கு ஒரு கறுப்பு நாய்

மார்ச் 2, 1868

மாமனார் ஜேபஸ் இன்றும் சாகவில்லை. கிறிஸ்துமஸ் தாண்டாது என்றார் மருத்துவர், ஈஸ்டரே வரப்போகிறது. இருமலுக்கு நடுவிலும், கஞ்சியில் உப்பில்லை என்று கத்த மட்டும் மூச்சு இருக்கிறது. காலையில் எழுந்து வந்து வழக்கம்போல் கைத்தடியால் தரையில் இரண்டு தட்டு. அவருடைய நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த பிஷப், முணுமுணுத்துக்கொண்டே இறங்கிக் கீழே படுத்தது.

பிஷப் எங்கள் நாய். முழுக் கறுப்பு அங்கி, பெரிய தொந்தி, வேலை எதுவும் கிடையாது. அதனால் என் கணவர் உயிரோடு இருந்தபோது வைத்த பெயர். வாத்தைக் கண்டால் ஓடி ஒளியும்.

மார்ச் 7

பழைய கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் புதியது தயார். நிஜப் பேராயர் வந்து ஜெபித்துவிட்டு, எங்கள் கோழியையும் தின்றுவிட்டுப் போனார்.

இனி அங்கே முதலில் போவது யார்? ஊரெல்லாம் இதே பேச்சு. முதலில் புதைபடும் ஆத்மாவுக்கு மோட்சம் கிடையாது. பிசாசு அண்டாமல் கல்லறை வாசலில் நின்று காவல் காக்க வேண்டும். அதற்காகத்தான் எங்கள் யார்க்ஷயரில் மனிதர்களுக்கு முன்னால் ஒரு கறுப்பு நாயைப் புதைப்பது வழக்கம்; காவல் வேலை அதன் தலையில் போய்விடும். பாதிரியார் பெல்ஹாம் தெற்கத்திக்காரர். "காட்டுமிராண்டித்தனம், என் தோட்டத்தில் நடக்காது" என்றுவிட்டார். நோயாளிகள் எல்லாரும் இப்போது பிடிவாதமாக உயிரோடு இருக்கிறார்கள். கண் செருகிக் கிடந்த கிழவி மார்த்தா எழுந்து உட்கார்ந்து சூப் கேட்கிறாளாம்.

மார்ச் 11

கசாப்புக்கடை ஏமஸ் வந்தான். கோயில் நிர்வாகமும் அவன்தான். தொப்பி கையில், குரலில் தேன்.

"டைனா அக்கா, உங்க மாமாவுக்காகத்தான் சொல்றேன். அடுத்தது அவர்தானே? மழையிலயும் குளிர்லயும் அவர் காலம் பூரா நிக்கணுமா? பாதிரியாருக்குத் தெரியாம முடிச்சுடலாம். பிஷப்புக்கு வலிக்கவே வலிக்காது."

ஒரு வெள்ளை முடிகூட இல்லாத நாய் இந்தப் பக்கத்தில் எங்களுடையது ஒன்றுதான்.

"உன் மாமியாரைப் புதைடா" என்றேன்.

"அவங்களுக்கு முடி நரைச்சிருக்கே, அக்கா" என்றான். சிரிக்கக்கூட இல்லை.

மார்ச் 12

தூக்கமில்லை. நாயா, மாமாவா? ஒரு கிழவரின் நிம்மதியை நாய்க்காகப் பறிக்கலாமா? எனக்கு என்ன பெரிதாகச் செய்துவிட்டார் அவர்? புருஷன் போன பிறகு வெளியே போ என்று சொல்லவில்லை. அது போதாதா? ஆனால் அந்தச் சனியன் இப்போதுகூட என் காலடியில்தான் படுத்திருக்கிறது.

மார்ச் 13

சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பை எடுத்து நாயின் மார்பில் ஒரு திட்டுப் பூசிவைத்தேன். ஏமஸ் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். அந்த விரலை என் ஏப்ரனிலேயே துடைத்துவிட்டு, "நாளைக்கு வர்றேன்" என்று போனான். படுபாவி.

மார்ச் 14

கயிறோடு வந்துவிட்டான். உள்ளேயிருந்து மாமா அலறினார்: "நாயை இங்க கொண்டா!"

ஏமஸிடம் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். கொண்டுபோனேன். பிஷப்பைக் கட்டிலில் ஏற்றிக்கொண்டார் — நாற்காலியையே விட்டுக்கொடுக்காத மனுஷன்!

"ஏண்டா ஏமஸ், வாத்தைப் பாத்து ஓடறதையா பிசாசுக்குக் காவல் வைக்கப்போறே?"

"அப்ப நீங்கதான் நிக்கணும், பெரியவரே."

"நிக்கறேன். உன்னை மாதிரி எத்தனை திருட்டுப் பயல்களை என் ஆப்பிள் தோட்டத்துல விரட்டியிருக்கேன்! பிசாசு என்ன உன்னைவிடப் பெரிசா? போடா."

ஏமஸின் முகம் சிவந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன்.

"அழுது என்ன ஆகப்போகுது? கஞ்சியில உப்பைப் போடு."

மார்ச் 19

போய்விட்டார்.

மார்ச் 21

முதல் குழி அவருடையது. பெட்டிக்குள் கைத்தடியையும் வைத்தேன். "இது எதற்கு?" என்றார் பாதிரியார். "வேலைக்குத் தேவைப்படும்" என்றேன். அன்று மாலையே கிழவி மார்த்தா செத்துப்போனாள், வெகு நிம்மதியாக.

ஏப்ரல் 5

நாற்காலி இப்போது பிஷப்பின் சொத்து. நான் துடைப்பக் கட்டையால் தட்டினாலும் ஒரு காதைக்கூட அசைப்பதில்லை. வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்க வேண்டும்? திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

ஏப்ரல் 17

காலையிலிருந்து ஆலங்கட்டி மழை. தேநீர் நேரத்தில் பிஷப் திடீரென்று தலையைத் தூக்கியது. கதவு திறக்கவில்லை, யாரும் வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியிலிருந்து இறங்கியது. கீழே படுத்து வாலை ஆட்டியது.

இந்த மழையில் யாரால்தான் வாசலில் நிற்க முடியும்?

பாதிரியாரிடம் சொல்லப் போவதில்லை. நாற்காலியை அடுப்புப் பக்கம் நகர்த்தினேன். கஞ்சியில் உப்பைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன்.