சாக்கு இழுத்த அண்ணனுக்கு

என் உயிரான ஆபிரகாம் அண்ணா,

உனக்குக் கல்லறை இல்லை. பூ வைக்க ஓர் இடம் இல்லாததால் நம் சபைப் பத்திரிகையில் எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும். படிக்கத் தெரியாத அண்ணிக்கும் யாராவது படித்துக் காட்டுவார்கள். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

தங்கச் சுரங்கத்துத் துரைக்கு மட்டை தூக்க அவரோடு சீமைக்குப் போனவன் திரும்பி வந்து இருபது நாளாகிறது. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் என் பெட்டியை ஏற்றிவிட்டு நீ கடைசியாகக் கேட்டது நினைவிருக்கிறதா? "அங்க கோல்ப் மைதானம் இன்னா மாதிரி இருக்குதுன்னு பாத்துக்கினு வந்து சொல்லுடா" என்றாய். அதையாவது சொல்லிவிடுகிறேன்.

நம் மைதானம் செம்மண்ணும் முள்ளும். பந்து விழும் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் எண்ணெய் கலந்த மணல். துரைமார் ஆடிவிட்டுப் போனதும் நீ வெறுங்காலோடு அதில் இறங்கி, சாக்கை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பாய். அவர்கள் பூட்ஸ் தடமும் போகும், உன் கால் தடமும் போகும். துரையின் மட்டைப் பையைச் சுமந்தபடி நானும் வெறுங்காலோடு ஓரமாய் நிற்பேன். "பாத்தியாடா, நான் வந்த சுவடே இல்ல" என்று சிரிப்பாய்.

அங்கே சீமையில் குழியைச் சுற்றி மணலே இல்லை, அண்ணா. எல்லாம் புல். யாரோ ஒரு பிரபுவின் தோட்டமாம். பேத்தமங்களா ஏரி நிறைந்த வருஷம் நாற்றங்கால் பச்சைப்பசேலென்று இருக்குமே, அந்தப் பச்சை கண்ணுக்கெட்டிய மட்டும். நடுநடுவே கிழட்டு ஓக் மரங்கள், மேயும் ஆடுகள். புல் வெட்டும் வண்டியை இழுக்கிற குதிரைக்கு நாலு காலிலும் தோல் செருப்பு மாட்டியிருக்கிறார்கள். குளம்பு பட்டுப் புல் நசுங்கக்கூடாதாம். உன் காலுக்கு யார் செருப்பு தைத்தார்கள்?

முட்டி வீங்கிய துரை பாதி ஆட்டத்தில் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, "நீ அடி" என்று மட்டையை என்னிடம் நீட்டினார். அடித்தேன். பந்து நடுவிலிருந்த குளத்தையே தாண்டியது. குழிக்குப் பக்கத்தில் போனதும், பழக்கதோஷம், பூட்ஸைக் கழற்றிவிட்டேன். பந்து உள்ளே விழுந்ததும் கண் சாக்கைத் தேடியது. சாக்கு இல்லை. போட்டிருந்த கோட்டைக் கழற்றிப் புல்மேல் இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். பத்தடி போனபிறகுதான் துரைசானிகள் சிரிப்பது காதில் விழுந்தது.

நானும் சேர்ந்து சிரித்தேன். "இது எங்கண்ணன் செய்கிற வேலை" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம்தான் உன்னைக் கொன்றது, அண்ணா.

சீமைக்குப் போகுமுன் ஆண்டர்சன்பேட்டையில் எனக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில், "மாப்ள அண்ணன் இன்னா வேல பாக்கறாரு? தொர காலடிய பெருக்கறவரா?" என்றார்கள். மறுநாளே துரையிடம் போய், அண்ணனுக்குச் சுரங்கத்தில் கீழே வேலை கொடுங்கள் என்று கெஞ்சினேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுரங்கக் கூண்டில் இறங்குகிறவர்களைப் பார்த்தாலே நடுங்குகிறவன் நீ. நான் கப்பலேறிய பிறகு உத்தரவு வந்தது. துரை சொன்னதென்று நினைத்து இறங்கினாய். யானை தன் தலையில்தான் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும். நான் உன் தலையில் போட்டேன்.

திரும்பி வந்த அன்று ஸ்டேஷனில் நீ நிற்பாய் என்று எட்டிப் பார்த்தேன். அண்ணி மட்டும் நின்றார். "பாற வெடிச்சி சொரங்கத்துல அந்த லெவலே மூடிக்கிச்சி தம்பி. உங்கண்ணன எடுக்கவே முடியல" என்றார். பாறை வெடித்ததாக அவர் சொன்ன நாளை எண்ணிப் பார்த்தேன். நான் பந்தடித்துச் சிரித்த அதே வாரம்.

"செவனேன்னு சாக்கு இழுத்துக்கினு இருந்த மனுசன, யாரு தம்பி கீழ அனுப்பச் சொன்னது?" என்று கேட்டார்.

"தொரைக்கே தோணியிருக்கும், அண்ணி" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் அவர் கையால் களி தின்கிறேன். பெரிய உருண்டை எனக்குத்தான். "இனிமே எனக்கு நீதான் தம்பி" என்கிறார். அது தொண்டையில் எப்படி இறங்கும், சொல்? கர்த்தர் மன்னிப்பார் என்கிறார் போதகர். கர்த்தரா என் தட்டில் களி போடுகிறார்?

நேற்றுக் காலை மைதானத்துக்குப் போனேன். உன் சாக்கு அங்கே கொட்டகை ஆணியில் தொங்குகிறது. எந்த மூலையிலாவது உன் காலடி ஒன்று மிச்சமிருக்காதா என்று ஒவ்வொரு குழியாகக் குனிந்து தேடினேன். வேலையில் நீ சுத்தக்காரன், அண்ணா. ஒன்றுகூட விட்டுவைக்கவில்லை.

பத்திரிகை சனிக்கிழமை வருகிறது. இனி நானே நினைத்தாலும் மறைக்க முடியாது. ஆனால் இதை வேறொருவர் வாயால் அண்ணி கேட்க விடமாட்டேன். வெள்ளிக்கிழமை, அவர் என் தட்டில் களி உருண்டையை வைப்பதற்கு முன்னால், நானே சொல்வேன். இது உனக்குச் சத்தியம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குத் தட்டு உண்டா என்று மட்டும் கேட்காதே.

உன்னைக் கீழே அனுப்பிய
உன் ஒரே தம்பி,
யாக்கோபு